லில்லி அக்காவுக்கு நடந்த பாராட்டு விழா

22 நவம்பர் 1998, ஞாயிறு

கோபத்தில் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் மியூசியம் கமிட்டியிலிருந்து லில்லி அக்கா இன்று விலகினார். ஞாயிறுதோறும் ஸ்ரீராம்புரம் குடிசைப் பகுதிக்குப் போய், அங்குள்ள பிள்ளைகளைக் கூட்டிவந்து, சிலை சிலையாகக் காட்டிக் கதை சொன்னவர். எல்லாம் சம்பளமில்லாமல். அதைப் பாராட்டத்தான் விழா. அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களை நான்தான் அழைத்திருந்தேன். பட்டுப்புடவை கட்டி வந்தவர்களை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிட்டான்.

கமிட்டித் தலைவரிடம் ஓடினேன்.

"மந்திரி வர்ற நேரம்மா. அவங்களுக்கு டிபன் பாக்கெட் குடுத்து அனுப்பிடு."

டிபன் பாக்கெட்டாம்! யார் கேட்டது?

மேடையேறி அக்காவின் காதில் சொன்னேன். அக்கா எழுந்து, நேராகக் கேட்டுக்கு வெளியே போய் அந்தப் பெண்களோடு நின்றார். தலைவர் பின்னாலேயே ஓடினார்.

"மேடம், ப்ளீஸ். உள்ள வாங்க. சால்வை போத்தணும்."

"இவங்க வந்தா நானும் வரேன் சார். இல்லன்னா இங்கயே போத்துங்க."

அந்த நேரம் பார்த்து மந்திரியின் கார் வந்தது. விழாவே வாசலில்தான் என்று நினைத்து அவர் இறங்கி அக்காவைக் கும்பிட்டார். உடனே நம் தலைவர் அந்தப் பெண்களின் நடுவில் புகுந்துகொண்டு, "எல்லா நம்ம ஜன, சார்!" என்று மந்திரியிடம் கன்னடத்தில் குழைந்தார். எல்லாரும் நம் ஜனங்களாம்! போட்டோவுக்குச் சிரிப்பு வேறு.

மியூசியம் வேலையை விட்டுவிடலாம் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். விட்டால், அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளைகள் வரும்போது கேட்டைத் திறக்க இந்தத் தலைவர் மட்டும்தான் இருப்பார்.

விடமாட்டேன்.