பவித்ராவின் பெயரை நானே சொன்னேன்

என் வாயாடி அக்காவுக்கு,

நீ எங்களை விட்டுப் போனபிறகு எனக்குப் பதிலாகப் பேச ஆளில்லை. எனக்குத் திக்க ஆரம்பிக்கும்போதே நீ முந்திக்கொள்வாய். ஹோட்டலில் நான் "ப... ப..." என்றதும் "அவனுக்கு ஒரு போஹா" என்பாய். எனக்கு வேண்டியது பாவ் பாஜி! எத்தனை வருஷம் அந்த அவலைத் தின்றிருப்பேன்? பாசத்தில்தான் செய்தாய். திட்டலாமென்று வாயைத் திறந்திருந்தால் அதையும் நீயே முடித்திருப்பாய்.

இப்போது ஞாயிறுதோறும் விமான் நகரில் ஒரு பூங்காவில் கூடுகிறோம். எல்லோருக்கும் திக்கும். கராடியில் இருக்கும் என் ஆபீஸில் பக்கத்து சீட் நிகில்தான் இழுத்துக்கொண்டு போனான். அவனுக்கும் திக்கும் என்பதே எனக்குத் தெரியாது, பயல் அவ்வளவு சாமர்த்தியமாக மறைத்திருந்தான். அங்கே ஒரே சட்டம்தான்: அடுத்தவர் வார்த்தையை யாரும் முடித்துவைக்கக் கூடாது, காத்திருக்க வேண்டும்.

முதல் நாள் என் பெயரைச் சொல்வதற்குள் சட்டை நனைந்துவிட்டது. ஒருவர்கூடப் பார்வையைத் திருப்பவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன் அக்கா, சந்தோஷத்தில்தான்.

போன வாரம் உன் மகளுக்கு நிச்சயதார்த்தம். தாம்பூலம் மாற்றுமுன் தாய்மாமன் எழுந்து பெண்ணின் பெயரைச் சபையில் சொல்வதுதானே நம் வீட்டு வழக்கம்? அத்தான் வேறு யாரையாவது சொல்லச் சொல்லலாமா என்று தயங்கினார். நானே சொல்கிறேன் என்றுவிட்டேன். ஆனால் பவித்ரா! வேறு பெயரே கிடைக்கவில்லையா உனக்கு? அந்த எழுத்துக்குப் பயந்தே அவளைக் 'குட்டி' என்று கூப்பிட்டு வந்தேன். எல்லோரும் செல்லம் என்று நினைத்தார்கள்.

எழுந்து நின்றேன். "எங்க அக்கா மக ப... ப..." அங்கேயே மாட்டிக்கொண்டது. மாப்பிள்ளையின் அப்பா, நல்ல மனுஷர், எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தார். உன் மகள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கொஞ்சம் இருங்க. எங்க மாமாவே சொல்லட்டும்."

மொத்தக் கூட்டமும் காத்திருந்தது. நான் அவசரப்படவில்லை. திக்கித் திக்கித்தான் வந்தது, ஆனால் முழுசாக வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பொறந்ததுலேர்ந்து இன்னிக்குத்தான் மாமா என் பேரச் சொல்றீங்க."

தையில் கல்யாணம். வரவேற்பில் மைக் என் கையில்தான். பார்வதியின் மகள் என்று உன் பெயரையும் சேர்த்துச் சொல்வேன். எவ்வளவு நேரமானாலும் நானே சொல்வேன். நீ எங்கே இருந்தாலும் காத்திரு.

திக்கினாலும் நிறுத்தாத உன் தம்பி,
பாலு