இரண்டு முறை சுற்றிய விமானம்

லிப்பினி கிராமம்
அக்டோபர் 1946

இயேசு கிறிஸ்துவுக்கே புகழ்!

என் அன்பு மகன் வலென்டிக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்ல, உன் மனைவி ரோசாலியா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். இங்கிலாந்தில் நீயும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்தது. ரோசாலியாவை விடாமல் மறுபடி மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டேன். இந்த வருஷம் உருளைக்கிழங்கு பரவாயில்லை. பசு கன்று போட்டிருக்கிறது. உன் மகள் கிங்கா பள்ளிக்கூடம் போகிறாள். உன்னைப் போலவே இடது கையால் எழுதி வாத்தியாரிடம் அடி வாங்குகிறாள்.

ஒரு துக்கச் செய்தியும் உண்டு, மனதைத் தேற்றிக்கொள். உன் தம்பி லுத்விக், ஜெர்மானியர்கள் போவதற்கு முந்தைய இலையுதிர்காலத்தில் விஷக்காய்ச்சலில் தவறிப்போனான். ரொம்பக் கஷ்டப்படவில்லை. பாதிரியார் வந்து ஜெபம் செய்தார். அவனுக்காக அங்கே ஒரு பூசை வைக்கச் சொல்.

நீ போட்ட காப்பி கிடைத்ததா என்று கேட்டிருந்தாய். கிடைத்தது மகனே. நல்ல காப்பி. அப்படி ஒரு வாசனையை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. உன் கைக்குப் புண்ணியம்.

உன் அம்மா
(ரோசாலியாவின் கையால்)

* * *

லிப்பினி
அதே மாதம்

வலென்டிக்கு,

புகழ் சொல்லித் தொடங்க இன்று எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. கப்பலில் சமையல்காரனாக இருக்கும் என் அத்தை மகன் யுசெக் கொண்டுவந்து கொடுப்பான். தபாலில் வந்த கடிதம் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. அதில் பசு கன்று போட்டது உண்மை. கிங்காவின் இடது கை உண்மை. லுத்விக் காய்ச்சலில் சாகவில்லை.

உன் கடிதம் வந்தபோது உறை ஏற்கெனவே பிரிக்கப்பட்டுத் திரும்ப ஒட்டப்பட்டிருந்தது. அடுப்படியில் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். இத்தாலியிலிருந்து குண்டுவீச்சு விமானத்தில் பறந்தது, குண்டுக்குப் பதிலாக, ஜெர்மானியரை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருந்த நம் காட்டுப் படைக்குத் துப்பாக்கியும் மருந்தும் சுமந்தது, அந்தப் பெட்டிகளை விமானத்தின் வயிற்றிலிருந்து தள்ளிவிடுவதுதான் உன் வேலை என்பது எல்லாம் படித்தேன். அம்மா ஒவ்வொரு வரிக்கும் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு அந்த இடம் வந்தது. நீ எழுதியதையே திருப்பி எழுதுகிறேன், உன் கண்ணாலேயே பார்:

“மலைக்கு அந்தப் பக்கம் பெட்டிகளைப் போட்டு முடித்ததும், பைலட்டிடம் கெஞ்சினேன். அவன் நல்லவன். நம் ஊர் மேல் தாழ்வாக இரண்டு முறை சுற்றினான். கோயில் கோபுரம் தெரிந்தது. நம் கூரையைப் பார்த்தேன், ரோசாலியா! உனக்காக ஒரு கிலோ காப்பி கட்டி வைத்திருந்தேன். தள்ளிவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஏழு வருஷத்தில் அதுதான் என் மிகப் பெரிய சந்தோஷம். கிடைத்ததா?”

இப்போது கீழே நடந்ததைச் சொல்கிறேன். நீ கைதட்டிக்கொண்டே இத்தாலிக்குப் போய்விட்டாய். நாங்கள் இங்கேதான் இருந்தோம்.

அந்த ராத்திரி லுத்விக் மரம் அறுக்கும் மில்லின் வண்டியோடு மலைக்கு அந்தப் பக்கம் இருந்தான். நானும் இருந்தேன். பெட்டிகளைப் பொறுக்கத் தொடங்கினோம். ஒன்றுகூடத் தவறவில்லை, அழகாக விழுந்தன. யார் தள்ளினார்களோ, அவர்கள் கை நன்றாக இருக்கட்டும் என்று நானே சொன்னேன். சத்தம் தேய்ந்துபோனது. பிறகு, போன விமானம் திரும்பி வந்தது. எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை. நேராக ஊர் மேல் போய், ஜன்னல் கண்ணாடி அதிர அதிரச் சுற்றியது. மறுபடியும் சுற்றியது. லுத்விக் வானத்தைப் பார்த்துக் கத்தினான்: “போடா, போய்த் தொலைடா! ஊரைக் காட்டிக் குடுக்கறானே!”

அவன் திட்டியது உன்னை. அவனுக்கு அது தெரியாது.

விடிகாலையில் வீடு திரும்பினோம். அம்மா பீன்ஸ் கொடிகளுக்கு நடுவே ஒரு பையைக் கண்டெடுத்திருந்தாள். ரப்பர் பை, ஒரு ஓரம் கிழிந்திருந்தது, உள்ளே வறுத்த காப்பிக்கொட்டை. பெயர் இல்லை, அடையாளம் இல்லை. வழி தவறி விழுந்த படைச் சாமான் என்றுதான் நினைத்தோம். லுத்விக் சொன்னான்: “அம்மா, இது காட்டுக்காரங்களோடது. கட்டி வை, பொழுது சாஞ்சதும் கொண்டுபோய்க் குடுத்துடறேன்.” அம்மாவா கேட்பாள்? “காப்பின்னு வறுத்த பார்லியைக் குடிச்சுக் குடிச்சு உன் நாக்கே செத்துப்போச்சு. ராத்திரி பூரா வண்டி ஓட்டிட்டு வந்திருக்க. ஒரு கோப்பை குடிச்சா போலந்து தோத்துடுமாடா?” அவன் சிரித்துவிட்டான். அம்மா அரைத்துக் கொதிக்க வைத்தாள். அந்த வாசனை எப்படி இருந்தது தெரியுமா? நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஐந்து வருஷமாக மறந்துபோயிருந்த வாசனை.

அந்த வாசனைதான் தெருவுக்கும் போனது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஜெர்மன் போலீஸ் அதற்குள் வந்துவிட்டது. விமானம் எந்த ஊரைச் சுற்றியதோ அந்த ஊருக்குத்தானே வருவார்கள்? மலைக்கு அந்தப் பக்கம் யாரும் போகவே இல்லை. வீடு வீடாக வைக்கோலைக் குத்திப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள், நம் வாசலில் நின்றுவிட்டார்கள். வயதான ஒருவன் மூக்கை உயர்த்தி இழுத்தான். உள்ளே வந்து அடுப்பைப் பார்த்தான். அரைகுறைப் போலிஷில் கேட்டான்: “நல்ல காப்பி. யாரு குடுத்தது?”

அம்மா வாயைத் திறப்பதற்குள் லுத்விக் எழுந்துவிட்டான். “நான்தான் எடுத்தேன். இந்தப் பொம்பளைங்களுக்கு ஒண்ணும் தெரியாது, ஊர்ல யாருக்கும் தெரியாது.” அவன் தோளைப் பிடித்தார்கள். “இருங்க, இதைக் குடிச்சுட்டு வர்றேன். இவ்வளவு விலைக்கு வாங்கினதைக் கொட்டவா முடியும்?” என்று சொல்லி, நின்றபடியே கோப்பையைக் காலி செய்தான். கிங்கா என் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். போகும்போது அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போனான்.

பாதிரியாரும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. மரமில்லின் சுவரோரம் நிற்கவைத்துச் சுட்டார்கள். உடலைக் கொடுக்கவில்லை. லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

இதோடு முடியவில்லை. காட்டுப் படைத் தலைவர் ஆள் அனுப்பினார். படைக்காகப் போட்ட சாமானைத் திருடி, ஒரு கோப்பைக் காப்பிக்கு ஊரையே பணயம் வைத்த குடும்பம் என்று சொல்லச் சொன்னாராம். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. உன் அம்மாவின் பெயரே போய்விட்டது. அவள் இப்போது “காப்பிக்காரி”. கோயிலில் அவள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்துகொள்வார்கள். கடைசி பெஞ்சில் தனியாக உட்காருவாள். எதிர்வீட்டு ஸ்டெஃபானியா கிணற்றடியில் என் முகத்துக்கு நேரே கேட்டாள்: “உங்க வீட்டுல இன்னிக்கு என்ன, காப்பியா?” அந்தத் தலைவர் இப்போது, ரஷ்யர்கள் கொண்டுவந்து வைத்த புது அரசாங்கத்தின் சிறையில் இருக்கிறார். அவர்மேல் நிம்மதியாகக் கோபப்படக்கூட முடியவில்லை. ஆனால் உன்மேல் முடியும். உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் இந்த வீட்டுக்குள் அடங்காது.

யாரைக் கேட்டுச் சுற்றினீர்கள்? ஒரு முறை சுற்றியது போதாதா? விமானத்தில் அத்தனை பேர் இருந்தீர்களே, வேண்டாம் என்று சொல்ல ஒரு ஆள் இல்லையா? என் கூரை தெரிந்தது என்கிறாய். ஆற்றுக்கு அந்தப் பக்கம் போலீஸ் கட்டடத்தின் கூரையும் தெரிந்திருக்குமே! எனக்குக் காப்பி வேண்டும் என்று எப்போது கேட்டேன்? பெட்டிகளைச் சரியாகப் போட்டாயே, அதோடு திரும்பிப் போயிருந்தால் உன்னை இந்த ஊரே கும்பிட்டிருக்கும். லுத்விக் கல்யாணம் செய்துகொண்டிருப்பான்.

உன் கடிதத்தில் அந்த இடம் வந்ததும் நான் நிறுத்திவிட்டேன். அம்மா கேட்டாள்: “ஏன் நிறுத்திட்ட? காப்பின்னு படிச்ச மாதிரி இருந்துச்சே?” படித்தேன். வேறு வழியில்லை. அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: “அப்போ அது திருட்டு இல்ல. என் பையன் போட்டது. எனக்காகத்தான் போட்டானா?”

உனக்காக என்று நீ எழுதியது என்னைத்தான். நான், “ஆமாம்மா, உங்களுக்குத்தான்” என்றேன்.

அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வேண்டாம், நீ பார்க்க வேண்டாம். நீ பார்த்ததெல்லாம் போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலில் நேராக முன்பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாள். வெளியே வந்ததும் ஸ்டெஃபானியாவை நிறுத்தி, “அது எம்புள்ள எனக்குப் போட்டது, தெரிஞ்சுக்கோ” என்றாள். மறுநாள் ஸ்டெஃபானியா கசகசா கேக் சுட்டு எடுத்துக்கொண்டு வந்து அழுதாள். அம்மா அவளை உட்காரவைத்து, அதைச் சாப்பிட்டாள். நான் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டேன்.

அம்மாவுக்குப் புரியவில்லை என்று நினைக்காதே. அன்று படுக்கப் போகும்முன் கேட்டாள்: “ரெண்டு தடவை சுத்தினது அவன்தானே?” நான் விளக்குத் திரியை இறக்கினேன். “லுத்விக் எப்படிப் போனான்னு வலென்டிக்கு எழுதிடாதே. காய்ச்சல்னு எழுது. ஒருத்தன் போனது போதும், இன்னொருத்தன் அங்க தனியா உக்காந்து செத்துக்கிட்டு இருக்க வேண்டாம்” என்றாள். மாதா படத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் கேட்டாள். நானும் செய்தேன்.

அந்தச் சத்தியத்தை இந்தக் கடிதத்தோடு உடைக்கிறேன். அம்மா உன்னை மன்னித்துவிட்டாள், அது அவள் இஷ்டம். அவள் பெற்றவள். என்னால் முடியவில்லை. உனக்குத் தெரியாமல், நான் மட்டும் இதை வைத்துக்கொண்டு, “அன்புள்ள வலென்டி, இங்கே எல்லோரும் சுகம்” என்று ஆயுள் முழுக்க எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பாதியை நீ சும.

இப்போது நான் சொல்கிறபடி செய். அம்மாவின் கடிதத்துக்குத் தனியாகப் பதில் எழுது. லுத்விக்கின் காய்ச்சலை நம்பியவனாக எழுது. பூசை வைத்தேன் என்று எழுது, நிஜமாகவே வை. காப்பி அவளுக்காகத்தான் போட்டேன் என்று தெளிவாக, பெரிய எழுத்தில் எழுது. நான் அதை அவளுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் படித்துக் காட்டுவேன்.

ஊருக்குத் திரும்பலாமா என்று கேட்டிருந்தாய். ஆங்கிலேயரோடு பறந்தவர்களைப் புது அரசாங்கத்தின் ஆட்கள் ரயில் ஸ்டேஷனிலேயே இறக்கிக்கொண்டு போகிறார்கள். வசந்தத்தில் திரும்பிய பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் இன்னும் வீடு வந்து சேரவில்லை. ஆகவே வராதே. எங்களை அங்கே அழைத்துக்கொள்ள வழி இருந்தால் விசாரி. நான் வருவேனா என்று இப்போது கேட்காதே.

எனக்குப் பதில் எழுதும்போது சமாதானம் சொல்லாதே. மன்னிப்பும் கேட்காதே. படித்தேன் என்று மட்டும் எழுது.

ஆண்டவர் உன்னைக் காப்பாற்றட்டும். அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள், நெஞ்சில் சளி கட்ட விடாதே. என் கோபம் தீர நெடுநாள் ஆகும், வலென்டி. அதுவரைக்கும் நீ உயிரோடு இருக்க வேண்டும்.

உன் மனைவி
ரோசாலியா