வெறும் வெற்றிலை

ஐப்பசி 4, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. ஓடு ஒழுகி, நேற்று எழுதி வைத்த விற்பனைப் பத்திரம் நனைந்துவிட்டது. திரும்ப எழுத வேண்டும். கட்சிக்காரர் வாசலில் நின்றபடி முணுமுணுப்பு. மழை பெய்ததும் என் குற்றம்தான் போலிருக்கிறது.

மத்தியானம் குன்னத்திலிருந்து ரெங்கன். யுத்தத்தில் பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓட்டுகிற பஸ்ஸில் வந்தான். மேட்டில் வண்டி நின்றுவிட, எல்லோரையும் இறக்கித் தள்ளச் சொன்னார்களாம். இவனும் தள்ளினானாம். கன்னத்துக்குள் புற்று வைத்துக்கொண்டு பஸ் தள்ளியவன் இந்தத் தாலுகாவிலேயே இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். கேட்டால், "கையாலதானடா தள்ளுனேன், வாயாலயா?" என்கிறான்.

போன மாதம் மெட்ராஸ் டாக்டர் சொன்னதை மறக்காமல் இருக்க இங்கே எழுதுகிறேன்.
பல் முழுதும் பிடுங்க வேண்டும். சொத்தை, நல்லது என்ற பேதம் கிடையாது. விட்டு வைத்தால் பிற்பாடு தாடை கெடும்.
அந்தப் புண் ஆறியதும் மெட்ராஸ். கன்னத்தில் ரேடியம் ஊசி குத்தி, சில நாள் உள்ளேயே விட்டு வைப்பார்கள். ஐப்பசிக்குள் வந்து சேர வேண்டும், தாண்டினால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்.
வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை, நான்கும் அறவே கூடாது. இதை என்னைப் பார்த்துச் சொன்னார். எப்படித் தெரிந்ததோ.

பள்ளிக்கூட நாளிலிருந்து இவனுக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பவன் நான்தான். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். பேசிக்கொண்டே உள்ளங்கையை நீட்டுவான், நான் வைப்பேன். புகையிலையை இடது கன்னத்தில் ஒதுக்குவான். புண்ணும் அங்கேதான்.

நானும் விட்டுவிட்டேன். வெற்றிலைச் செல்லப்பெட்டி பரண்மேல். இந்தக் கைகளை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. கிடைத்த காகிதத்தையெல்லாம் மடிக்கிறேன்.

பல் பிடுங்க நாளைக்கே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். மாட்டானாம். ஞாயிற்றுக்கிழமை மகள் செல்லத்துக்கு நிச்சயம்.

"பல்லில்லாத வாயோட சம்பந்தி முன்னாடி எப்படிடா ஒக்காருவேன்? வெசயம் தெரிஞ்சா பொண்ணு எடுப்பாங்களா?"

எடுக்க மாட்டார்கள்தான். ஒட்டுகிற நோய் என்பார்கள், குடும்பத்து நோய் என்பார்கள். ஆனால் நாள் போகிறதே.

ஐப்பசி 6, வியாழன்

மழை இல்லை. புழுக்கம். ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை, வரிசை மட்டும் இருந்தது.

ராத்தூக்கம் கெட்டுவிட்டது. எழுந்து எழுந்து தண்ணீர் குடிப்பதும் தெருவை எட்டிப் பார்ப்பதும். மீனாட்சி சொல்கிறாள்: "நோவு அவருக்கா ஒங்களுக்கா?" பெண்டாட்டி கேட்கக்கூடிய கேள்விதான்.

நிச்சயத்துக்கு ஒரு யோசனை. நானும் ரெ.வும் பேசி முடித்தது. தட்டு மாற்றியதும் இரண்டு சம்பந்தியும் சபை முன்னால் வெற்றிலை போட வேண்டும். போட்டால்தான் பேச்சு உறுதி. மடித்துக் கொடுப்பது நான். சம்பந்திக்கு முறைப்படி. இவனுக்கு வெறும் வெற்றிலை. சுண்ணாம்பு தடவாமல், பாக்கு வைக்காமல், புகையிலை இல்லாமல், சும்மா இலை. வலது பக்கமாகப் போட்டு இரண்டு மெல்லு மெல்லிவிட்டுத் துப்பிவிடுவான். திங்கட்கிழமையே பல். அதற்குமேல் சாக்கு சொல்ல மாட்டேன் என்று மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

ஏமாற்றுதான். அது எனக்குத் தெரியாமல் இல்லை. பத்திரத்தில் வில்லங்கத்தை மறைத்து எழுதினால் நானே சண்டைக்குப் போவேன்.

ஐப்பசி 9, ஞாயிறு. குன்னம்

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ஆண்டிமடத்திலிருந்து மூன்று வண்டியில் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கோவிந்தசாமி, முந்திரித் தோப்புக்காரர். நிதானமான மனிதர், அதிகம் பேசவில்லை. எங்கள் பக்கத்து மண் கறுப்பைப் பார்த்து, பருத்தி எப்படிங்க என்று கேட்டார். நல்ல மனிதராகவே பட்டது. அதுவே எனக்கு உறுத்தல்.

லக்னப் பத்திரிகை படித்தார்கள். தட்டு மாறியது. எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். சம்பந்திக்கு ஒன்று மடித்தேன். நன்றாக நினைவிருக்கிறது. அடுத்தது ரெ.வுக்கு. அவன் யாருடனோ பேசிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், உள்ளங்கையை நீட்டினான். எப்போதும் போல.

அவ்வளவுதான். என் கை தன் பாட்டுக்கு வேலையைச் செய்துவிட்டது. நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கு, புகையிலை, மடித்து, வைத்தாயிற்று. அவன் வாய்க்குள் போன பிறகுதான் என் விரல் நுனியில் சுண்ணாம்பைப் பார்த்தேன்.

துப்பவில்லை அவன். சபையில் துப்ப முடியாது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. பிறகு கடைவாயில் ரத்தம். எச்சிலின் சிவப்பு வேறு, இது வேறு. வெள்ளைத் துண்டில் தெரிந்துவிட்டது.

கோவிந்தசாமி கேட்டார். ரெ. துண்டால் வாயை ஒற்றிக்கொண்டு சொன்னான்: "கன்னத்துல புத்துங்க. மெட்ராசுல வைத்தியம் பண்ணப் போறேன். ஒங்ககிட்ட மறைச்சுட்டேன், தப்புதான்."

அவர் தன் வெற்றிலையை இன்னும் வாயில் போடவில்லை. கையில் வைத்திருந்ததைப் பார்த்தார். மெதுவாகத் தட்டில் வைத்தார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. கலந்து பேசி ஆள் அனுப்புவதாகச் சொன்னார். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள், பாயசத்தை மட்டும் யாரும் தொடவில்லை. கருப்பட்டிப் பாயசம். அண்டாவோடு அப்படியே இருக்கிறது.

ரெ.வின் சம்சாரம் நாகம்மாள் எனக்குச் சாப்பாட்டு இலை போட்டது. "அண்ணே, சாப்பிட ஒக்காருங்க" என்று மட்டும் சொன்னது. திட்டியிருக்கலாம்.

தொட்டில் பழக்கம் எது மட்டும் என்று ஒரு பழமொழி உண்டு. அந்த இடத்தின் பெயரை இப்போது எழுத வேண்டாம்.

ஐப்பசி 10, திங்கள்

பஸ் பழுது. குன்னத்திலேயே மாட்டிக்கொண்டேன். யார் முகத்தைப் பார்ப்பது?

கிணற்றடியில் இரண்டு பெண்கள். "அந்தப் பத்திரம் எழுதறவராம், அவரு குடுத்த வெத்தலதானாம்." என்னைப் பார்த்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

செல்லம் காப்பி கொண்டுவந்து வைத்தாள். முகம் வீங்கியிருந்தது. "மடிச்சுக் குடுத்தது நீங்க. ஆனா மாமா, அப்பா மோந்து பாத்துட்டுதான் போட்டாரு," என்றாள். குழந்தை எனக்கு ஆறுதல் சொல்கிறது. வெட்கமாக இருந்தது. காப்பியில் சர்க்கரை இல்லை, வெல்லம்.

ரெ. மட்டும் நிம்மதியாகத் தூங்கினான். குறட்டை வேறு. எழுந்ததும், "வாடா, பல்லு புடுங்கப் போவலாம்" என்கிறான். இத்தனை நாள் நான் மன்றாடினேன்.

ஐப்பசி 12, புதன். அரியலூர்

டவுன் ஆஸ்பத்திரி. இன்று கீழ்வரிசை, சனிக்கிழமை மேல்வரிசை. டாக்டர் சின்ன வயசு, கை சுத்தம். என்னை வெளியே போகச் சொன்னார். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றது அவருக்கு இடைஞ்சலாம். வராந்தாவில் நடந்தேன். அங்கே ஒரு நோயாளி, "ஒரு எடத்துல ஒக்காருங்க சார், தல சுத்துது" என்றார்.

ரெ.வை என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். கன்னம் இரண்டும் உப்பி, பிள்ளையார் மாதிரி. மீனாட்சி கஞ்சியைத் துணியில் வடிகட்டிக் கொடுக்கிறாள்.

மன்னிப்புக் கேட்க மூன்று தரம் வாயெடுத்தேன். மூன்று தரமும் வேறு ஏதோ பேசினேன். ஒரு தடவை கடலை விலை.

ஆண்டிமடத்திலிருந்து ஆள் வரவில்லை.

ஐப்பசி 17, திங்கள்

மேல்வரிசையும் போயிற்று. சிரித்தால் பச்சைக் குழந்தை, பேசினால் காற்று. சகரம் எல்லாம் ஓடிப்போய்விட்டது. கண்ணாடியைக் கேட்டான். இல்லை என்றேன். சுவரில் தொங்குகிறது, அவனே பார்த்துக்கொண்டான். பிறகு, அவன் அப்பா கடைசிக் காலத்தில் இருந்த மாதிரியே இருக்கிறதாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே எழுதிவிடுகிறேன், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. ஊசி வைத்தும் கேட்காவிட்டால்? நாள் கடந்துவிட்டிருந்தால்? செல்லத்தை யார் கேட்டு வருவார்கள்?

பேனா கசிகிறது. புது நிப் வாங்க வேண்டும்.

ஆள் வரவில்லை. ஆண்டிமடம் பஸ் வரும் நேரமெல்லாம் கடைத்தெரு முனையில் போய் நிற்கிறேன். பீடிக்கடைக்காரன் நான் கடன் கேட்க வருகிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

ஐப்பசி 22, சனி

ஆள் வந்தார். கோவிந்தசாமியின் தம்பி. ரெ. குன்னம் போயிருந்ததால் நான் அவரைக் கூட்டிக்கொண்டு அங்கேயே போனேன். வழியெல்லாம் முந்திரிக்குப் பூச்சி விழுந்த கதை. விஷயத்தைச் சொல்லவில்லை. எனக்கு மண்டை வெடித்தது.

வீட்டில் உட்கார்ந்து, மோர் குடித்து, வாயைத் துடைத்த பிறகு சொன்னார்: "தை பொறக்கட்டும்னு அண்ணன் சொல்றாருங்க. பொண்ணோட அப்பா வந்து ஒக்காந்து, தன் கையால தட்டு மாத்தட்டும். அது வரைக்கும் நாங்க வேற எடம் பாக்கல."

நல்லவர்களா, கெட்டிக்காரர்களா? இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. பிழைக்கிறானா பார்ப்போம் என்று அர்த்தம். காத்திருக்கிறோம் என்றும் அர்த்தம். நாகம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுதது. சந்தோஷமா, துக்கமா, அதற்கே தெரிந்திருக்காது.

ரெ. பொக்கை வாயால் சொன்னான்: "தைக்கு நான் இருக்கணும். அவ்வளவுதானே. இருக்கேன்னு சொல்லுங்க."

இவன் என்னவோ வரப்புவரைக்கும் போய்வருகிற மாதிரி.

ஐப்பசி 26, புதன்

நாளை ரயில். எடுத்துப் போக:
டாக்டர் சீட்டு
நொய்யரிசி, கேழ்வரகு மாவு (அங்கே ரேஷன் எப்படியோ)
மண்ணெண்ணெய் ஒரு பாட்டில்
பழைய வேட்டி கிழித்தது, வாய் துடைக்க
சிலேட்டு, பலப்பம். ஊசி இருக்கும்வரை பேசக்கூடாதாம்.
குலதெய்வத்துத் திருநீறு (நாகம்மாள் கொடுத்தது)

நாகம்மாளும் வருகிறது. செல்லம் மீனாட்சியோடு இங்கே. இன்னும் எழுதி முடிக்காத பத்திரம் நான்கு. கட்சிக்காரர்கள் சாபம் கொடுப்பார்கள். கொடுக்கட்டும்.

ஐப்பசி 27, வியாழன். ரயிலில்

ஆட்டத்தில் எழுத்து கோணல்.

அரியலூரில் ஏறுவதே பெரும்பாடு. பட்டாளத்துக்காரர்கள் பெட்டி முழுக்க. ஒரு சிப்பாய் ரெ.வின் வாயைப் பார்த்து, தாத்தா என்று கூப்பிட்டு இடம் கொடுத்தான். எனக்கும் ரெ.வுக்கும் ஒரே வயது. நான் நின்றுகொண்டு வந்தேன்.

நாகம்மாள் தூங்கிவிட்ட பிறகு, ஒருவழியாகக் கேட்டே விட்டேன். என் கையால் உன் மகள் கல்யாணம் கெட்டுப்போச்சே, மன்னித்துவிடு என்றேன். நான்கு நாள் தயார் செய்த பேச்சு. பாதியில் நிறுத்தினான்.

"பொகயில வாசன எனக்குத் தெரியாதாடா? கையில வெச்சப்பவே தெரிஞ்சுது. இனிமே ஒன் கையால வெத்தல ஏதுன்னு தோணிச்சு. தெரிஞ்சுதான் போட்டேன்."

செல்லம் சொன்னது நிஜம். மோந்து பார்த்திருக்கிறான்.

வந்ததே கோபம். இத்தனை நாள் தூக்கம் இல்லாமல், சோறு இறங்காமல், கடைத்தெருவில் பைத்தியம் மாதிரி நின்றேனே. அறைந்திருப்பேன், கன்னம் அந்தக் கன்னமாக இல்லாவிட்டால். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். நீ கேட்கவே இல்லையே என்கிறான்.

விருத்தாசலம் தாண்டும் வரை வாசல் பக்கம் போய் நின்றுகொண்டேன். பிறகு அவனுக்குக் குளிர் எடுத்தது. என் துண்டைப் போர்த்திவிட்டேன்.

ஐப்பசி 29, சனி. மெட்ராஸ்

மேகமூட்டம். மழை இல்லை.

காலையில் ஊசி வைத்துவிட்டார்கள். ஐப்பசிக்குள். டாக்டர், நல்ல சமயத்தில் வந்தீர்கள் என்று மட்டும் சொன்னார். தைக்குள் எழுந்துவிடுவானா என்று கேட்டேன். ஊசி எடுக்கட்டும், பார்க்கலாம் என்றார். எல்லோரும் பார்க்கலாம் என்றே சொல்கிறார்கள்.

ரேடியம் இருக்கும்போது கிட்டே போகக்கூடாது. வாசற்படியிலிருந்து பார்க்கலாம், அதுவும் கொஞ்ச நேரம். நாகம்மாள் பார்த்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டது. பிறகு நான்.

இடது கன்னம் வீங்கியிருந்தது. கடைவாயிலிருந்து நூல் நூலாகத் தொங்கியது. ஊசிகளின் நூலாம். கண்ணை மூடியிருந்தான். தூக்கம் என்று நினைத்துத் திரும்பப் போனேன்.

என் செருப்புச் சத்தம் அவனுக்குத் தெரியும். கண்ணைத் திறக்கவில்லை. சிலேட்டையும் எடுக்கவில்லை. உள்ளங்கையை மட்டும் என் பக்கம் நீட்டினான்.

ஒன்றும் இல்லையடா என்று என் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். கண்ணைத் திறந்து பார்த்தான். சிரித்தான். வாயை அசைக்கக்கூடாது என்று நர்ஸம்மா அவனை அதட்டினார். என்னை வெளியே போகச் சொன்னார்.