பத்து மணிப் படகு

ஹாமர்,
6 ஜூன் 1994

மதிப்பிற்குரிய கேப்டன் ஒட்முன் அவர்களுக்கு,

நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். என் மகன் யூஸ்டைன், இருபத்திரண்டு வயது, மே பதினான்காம் தேதி ஸ்தவாங்கர் துறைமுகத்தில் உங்கள் பத்து மணிப் படகில் ஏறியிருக்கிறான். டிக்கெட் கொடுத்த பெண்ணுக்கு அவனை நினைவிருக்கிறது. பிறகு அவனைப் பார்த்தவர் யாருமில்லை. அங்கே முந்தின இரவு அவன் தங்கிய விடுதி அறையில் 'தேட வேண்டாம்' என்று ஒரு சீட்டு. வயது வந்தவன், தானாகப் போயிருக்கிறான் என்று போலீஸார் கைவிரித்துவிட்டார்கள்.

நீங்கள் தினமும் லீசே ஃபியோர்டு என்ற மலையிடுக்குக் கடலில் போய்வருகிறவர். பயணிகள் எல்லோரும் தண்ணீருக்கு மேல் செங்குத்தாக நிற்கும் பிரசங்கப் பாறையை அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் எனக்காகக் கொஞ்சம் தண்ணீரைப் பாருங்கள். அவன் என்னைவிட ஒரு தலை உயரம், சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. வேறு யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை.

சோல்ஃப்ரித்

ஸ்தவாங்கர்,
15 ஜூன்

சகோதரி சோல்ஃப்ரித் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே படகை ஓட்டுகிறேன். தண்ணீரில் எதுவும் இல்லை. அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். இங்கே ஓயாத மழை. நீங்கள் இப்போது புறப்பட்டு வரவேண்டாம்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கும் அவனுக்கும் இடையில் என்ன நடந்தது?

ஒட்முன்

ஹாமர்,
21 ஜூன்

கேப்டன்,

கோபம் வந்தது. கடிதத்தைக் கிழித்தேன். பிறகு பொறுக்கி எடுத்துப் படித்தேன்.

மார்ச்சில் என் கணவர் பேடரும் அவனும் ஏரியின் உறைபனி மேல் மீன் பிடிக்கப் போனார்கள். பனி உடைந்தது. பையன் மட்டும் வீட்டுக்கு வந்தான். துக்கத்துக்கு வந்தவர்கள் முன்னால் நான் சொன்னேன்: "அவரை விட்டுட்டு நீ மட்டும் எப்படிடா வந்தே?"  அதற்குப் பிறகு அவன் ஒரு வேளைகூட என் எதிரே உட்கார்ந்து சாப்பிடவில்லை.

போதுமா? நான் ராத்தூக்கம் இழந்து ஐந்து வாரமாகிறது. இன்னும் பத்து நாளில் உங்களிடமிருந்து எதுவும் வராவிட்டால், அந்தப் பாறைக்கு நானே ஏறிப் போவேன். திரும்பி இறங்கத் தெம்பிருக்காது.

சோல்ஃப்ரித்

ஸ்தவாங்கர்,
26 ஜூன்

சகோதரி,

பாறைக்குப் போகாதீர்கள். உங்கள் மகன் உயிரோடு இருக்கிறான்.

அன்றைக்கு அவன் படகின் பின்பக்கம் தனியாக நின்றான். கையில் பை இல்லை. "பாறைக்கு எந்தத் துறையில இறங்கணும்?" என்று கேட்டான். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. துறை வந்ததும், "தம்பி, இங்க இறங்காதே. என் மச்சினி பண்ணைக்கு மூட்டை இறக்கணும், ஒரு கை கொடு" என்று பேசிப் பேசியே தாண்டிக் கொண்டுபோனேன். சாலையே இல்லாத கரை அது. மச்சினி, போர்கில் என்று பெயர், அவனுக்குச் சூப் கொடுத்தாள். அங்கேயே தங்கி ஆடு மேய்க்கிறான். யாரிடமும் சொல்லக்கூடாதென்று என்னிடம் கைமேல் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான். நான் வாக்குத் தவறாதவன். இன்று தவறுகிறேன்.

உங்கள் கடிதத்தை நேற்று அவனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "வரட்டும். ஆனா நான் கூடப் போகமாட்டேன்" என்றான்.

வியாழக்கிழமை பத்து மணிப் படகுக்கு வாருங்கள்.

ஒட்முன்

ஸ்தவாங்கர்,
1 ஜூலை

ஒட்முன் அண்ணா,

நேற்று படகில் உங்களிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இறங்கிப் போய்விட்டேன். ரயில் ஏறுமுன் எழுதுகிறேன்.

நீங்கள் மூட்டைகளை இறக்கிய நேரத்தில் அவனோடு கரையில் நின்றேன். இளைத்திருக்கிறான். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"அப்பா கையைப் பிடிச்சிருந்தேம்மா. பிடிச்சுக்கிட்டேதான் இருந்தேன். கையுறை மட்டும் கழண்டு வந்துடுச்சு."

அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஒரே வீட்டில் இருந்தோம். நான் அதைக் கேட்கவே இல்லை, அண்ணா.

"வீட்டுக்கு வாடா" என்றேன். தலையை ஆட்டி மறுத்தான். நான் கட்டிக்கொண்டபோது விலகவில்லை. திருப்பிக் கட்டிக்கொள்ளவும் இல்லை. நீங்கள் சங்கு ஊதினீர்கள். நான் படகின் வெளித்தட்டிலேயே கம்பியைப் பிடித்தபடி நின்றேன். படகு நகர்ந்ததும் அவன் கரையிலிருந்து கத்தினான்:

"காத்து ஜாஸ்தியா இருக்கு. உள்ள போய் உட்காரும்மா!"

உள்ளே போய் உட்கார்ந்தேன்.

உங்கள் தங்கை,
சோல்ஃப்ரித்