குளியலறையில் ஒரு கடல்வாத்து

கிரீன்லாந்துத் தலைநகர் நூக்கில் படிக்கும் அக்காவுக்கு,

நம் வீட்டுக் குளியலறை மறு அறிவிப்பு வரும்வரை மூடப்படுகிறது. உள்ளே ஒரு கடல்வாத்து குடியிருக்கிறது.

துறைமுகத்தில் டீசல் படிந்து குளிரில் நடுங்கிக்கொண்டிருந்ததை நான்தான் பிடித்தேன். சோப்பு போட்டுக் குளிப்பாட்டியதும் நான்தான்.

"சூப்புக்காடா?" என்றார் அப்பா.

"டீசல் சூப்பா? உங்களுக்கு மட்டும் வைக்கிறேன்."

இப்போது அது உன் கம்பளிச் சட்டைக்குள் தூங்குகிறது. திட்டாதே, அக்கா. ஓர் உயிரைக் காப்பாற்றிய வீரன் உன் தம்பி.

சரி, முழுதாகவே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் இறங்காதிருக்க நம் தோல்காலணிக்குப் பூசுவோமே, அந்தக் கடல்நாய்க் கொழுப்பைக் குளித்த வாத்துக்கும் பூசிவிட்டேன்.

"டேய், அதுவும் எண்ணெய்தானடா! இறகு ஒட்டிக்கிட்டா குளிர் உள்ள போயி செத்துடும்டா!" என்று கத்திய அம்மாதான் மறுபடி கழுவிக் காப்பாற்றினாள். வாத்து அவள் கையில் சிப்பி தின்கிறது. என்னைக் கண்டால் கொத்துகிறது.

இப்படிக்கு,
கொத்து வாங்கும் தம்பி