நீ மறுபடியும் விமானம் ஏறிய நாள்

அக்கா,

இன்று காலை செஞ்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ரப்பர் வாசனை. ஊருக்கு வரும்போதெல்லாம் நீ அந்தக் கடையை முந்தானையால் மூக்கைப் பொத்தியபடிதான் தாண்டுவாய். நீ போய்ச் சேர்ந்து நான்கு வருடமாகிறது. நான் ஏனோ அங்கேயே நின்றுவிட்டேன்.

அறுபதுகளில் அது நடந்தது. சிங்கப்பூரில் நர்ஸாக இருந்த நீ, முதல் விடுமுறைக்கு வந்துகொண்டிருந்தாய். நீ வரும் விமானம் கடலில் இறங்கிவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். அம்மா மாதா கோயிலைவிட்டு வரவில்லை. நைனா தபால் ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள்தான் தந்தி வந்தது. நீ உயிரோடு இருந்தாய்.

அடுத்த வாரம், யாரோ கொடுத்த புடவையும் அளவு பெரிய செருப்புமாகத் திண்டிவனம் பஸ்ஸிலிருந்து இறங்கினாய். அழுதுகொண்டே வந்த அம்மாவிடம், "பசிக்குதும்மா" என்றாய்.

என்னிடம் மட்டும்தான் முழுவதும் சொன்னாய். "மொதல்ல ஒரு இன்ஜின் நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல இன்னொண்ணு. செருப்பக் கழட்டுங்கன்னாங்க. அப்பதான் தெரிஞ்சிது, தண்ணியிலதான் எறங்கப்போறோம்னு."

விமானம் முழுகுவதற்குள் ரப்பர் படகில் ஏறிவிட்டீர்கள். கூட்டத்தில் தாயைவிட்டுப் பிரிந்த ஒரு தமிழ்க் குழந்தை, கப்பல் வரும்வரை உன் மடியில் இருந்தது.

"அம்மா எங்கன்னு கேட்டுக்கினே இருந்துச்சு. தோ, பின்னாடி வர்றாங்கன்னு சொல்லிட்டேன். எனக்கு இன்னாடி தெரியும்?"

தாய் வேறொரு படகில் பிழைத்திருந்தாள். கப்பலில் அவள் வந்து குழந்தையை வாங்கிக்கொண்ட பிறகும் உன் கைகள் மடங்கியபடியே இருந்தனவாம். நிமிர்த்த வெகுநேரமாயிற்று என்றாய்.

ஒரு மாதம் கழித்து, வேலைக்குத் திரும்பவேண்டும் என்றாய். நைனா பேச்சை நிறுத்திவிட்டார். அம்மா சாப்பிடவில்லை. கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டாய்.

"நீ சொல்லுடி. நீ வேணாம்னா போவல."

"உனக்கு பயமா இல்லியா?"

"இருக்குது. இப்ப போவலன்னா இனிமே எங்கயுமே போவமாட்டேன்."

நான் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "போய்ட்டு வா" என்றேன்.

போனாய். சில வருடங்களுக்கு ஒருமுறை வந்தாய்; வந்த வேகத்தில் திரும்பினாய். கடைசியில் அங்கேயே உன்னை அடக்கம் செய்தார்கள். உன் கல்லறையை நான் பார்த்ததில்லை.

போகாதே என்ற சொல் அன்று என் தொண்டைவரை வந்தது, அக்கா. சொல்லியிருந்தால் நீ நின்றிருப்பாய். அது தெரிந்துதான் விழுங்கினேன். இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.