நான் இரண்டு போட்ட படம்

2007 பெப்ரவரி 8, வியாழன்

ஒஸ்லோ, மைனஸ் பதினொன்று. ரொம்மன் ஸ்டேஷன் படிக்கட்டில் உப்புப் போட்டும் வழுக்கல். முதியோர் இல்லத்துச் சமையலறையில் இன்று மீன் உருண்டை. கையெல்லாம் இன்னும் அந்த மணம்.

செய்ய வேண்டியது: வினோவுக்குப் பனிச்சப்பாத்து. ரோல்ஸ், தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு. சனிக்கிழமை தமிழ் ரேடியோவில் என் பட விமர்சனம்.

கடைசியாகப் பார்த்தவை, ஆறுக்கு என் புள்ளி. படத்தின் பெயர் எனக்கு நிற்காது, கதைதான் நிற்கும்.
இரட்டைப் பிள்ளைகள் பிரிந்து சேர்ந்த படம்: 3. அரை மணித்தியாலத்தில் சேர்ந்திருக்கலாம்.
வக்கீல் பெண்: 5. வாதமும் நன்று, சேலையும் நன்று.
பேய்: 1. அதுவும் பேய்க்கு மேக்கப் போட்டவருக்காக.
நோர்வேப் படம், மகளோடு. பனி, தகப்பன், மகன், ஒருவரும் கதைக்கவில்லை: 4. வினோ 5 போட்டாள். கதைக்காமல் இருந்ததுதானாம் கதை.

மாலை சவரி அண்ணை போன். பகல் முழுக்க பஸ் ஓடிக் களைத்த குரல், படக்கதை வந்தால் மட்டும் இளமை. லில்லெஸ்ட்ரோம் தியேட்டரில் மாதம் ஒரு ஞாயிறு எடுத்து எங்கள் ஆட்களுக்குத் தமிழ்ப்படம் காட்டும் மனிதர். வருகிற 18ஆம் திகதி லொறிக்காரன் படமாம். அதற்கு அடுத்த புதன் தவக்காலம் தொடங்குகிறது, பிறகு கோயில்காரர் ஒருவரும் படத்துக்கு வரமாட்டார்கள், அதற்கு முன் இந்த ஒரு ஞாயிறுதான். தியேட்டர்க்காரி வேறு சொல்லிவிட்டாளாம்: இந்த முறை பாதி மண்டபமாவது நிறையாவிட்டால் இனி ஞாயிறு கிடையாது.

"ரேடியோவிலை ரெண்டு வார்த்தை சொல்லிவிடும் தங்கச்சி. படத்தைப் பாக்கத் தேவையில்லை. வருது எண்டு சொன்னாப் போதும்."

பார்க்காமல் சொல்வதா? நானா? ஓம் என்று சொன்னேன், மனதுக்குள் இல்லை என்றேன்.

பெப். 9, வெள்ளி

என் வீட்டுக்காரர் கடைக்குப் போய்வந்தார். கறிவேப்பிலைக்கும் கருவாட்டுக்கும் நடுவில் ஒரு டிஸ்க், பில்லில் இல்லாத சாமான். லொறிப்படம். நான்தான் கேட்டது. கள்ளக் கொப்பி.

ஒவ்வொரு சனியும் நான் முடிக்கிற வசனம்: "கள்ள டிஸ்கிலை பாக்காதேங்கோ, தியேட்டருக்கு வாங்கோ." சவரி அண்ணை கேட்டுச் சேர்த்துக்கொண்டது. வீட்டில் இவரிடம் அதைச் சொல்ல, ஆருக்குத் தெரியப் போகிறது என்றார். அத்தோடு விட்டேன். நல்ல காரியத்துக்குத்தானே, பார்க்காமல் கதைப்பதைவிட.

ரோல்ஸ் சுற்றிக்கொண்டே பார்த்தேன். எங்கோ தியேட்டரில் ஒளித்துவைத்து எடுத்தது. ஒரு தலை அடிக்கடி குறுக்கே. ஒருவர் விடாமல் இருமல். கதை: அண்ணன் லொறிக்காரன், தம்பியைப் படிப்பிக்கிறான். தம்பி அண்ணனைப் பொலிசுக்குக் காட்டிக்கொடுக்கிறான். அண்ணன் சிறையால் வந்து, காட்டிக்கொடுத்தது யார் என்று தெரியாமல் தம்பியையே கட்டிப்பிடித்து அழுகிறான். பிறகு பாலத்தில் லொறியை நிறுத்துகிறான். இருட்டு. முடிந்தது.

ஒன்றே முக்கால் மணித்தியாலம். தமிழ்ப்படம் இவ்வளவு கெதியாக முடிந்ததே என்று சந்தோஷம்தான் வந்தது, சந்தேகம் வரவில்லை. ஆனால் இது என்ன முடிவு? இப்போது எல்லா டைரக்டரும் அந்தரத்தில் விட்டுவிட்டுப் போனால் கெட்டித்தனம் என்று நினைக்கிறார்கள்.

2.

பெப். 10, சனி

ரேடியோ. நன்றாகப் போனது. சிரிக்க வைத்தேன்.

இங்கத்தைப் பேப்பர்கள் படத்துக்கு ஒன்றிலிருந்து ஆறுவரை பகடைப் புள்ளி போடுகிற மாதிரி நானும் மூன்று வருடமாக வினோவின் பழைய லூடோப் பகடையை எவர்சில்வர் பேணியில் போட்டு மைக்கடியில் குலுக்குகிறேன். எண் முதலே முடிவு. சத்தம் மட்டும் பகடையுடையது. எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

இன்று சொன்னது: பாலத்திலை கொண்டுபோய் லொறியை விட்டமாதிரி எங்களையும் விட்டிட்டுப் போயிட்டினம். அண்ணன்காரனுக்கு மூளை இல்லை, டைரக்டருக்கு முடிவு இல்லை. இரண்டு.

18ஆம் திகதி லில்லெஸ்ட்ரோமில் காட்டுவதையும் சொன்னேன். சொல்லாமல் இல்லை. பிறகு அதே மூச்சில், கள்ள டிஸ்கிலை பாக்காதேங்கோ.

மூன்று போன். மூன்று பேரும், அக்கா நல்லாக் கிழிச்சியள் என்றார்கள். வீடு வரும்வரை அந்தச் சந்தோஷம். சப்பாத்தைக் கழற்றும்போதுதான் சவரி அண்ணையின் நினைவு வந்தது. அவர் கேட்டது விமர்சனம் இல்லை. உண்மையைச் சொல்வதுதானே என் வேலை என்று சமாதானம் சொல்லிக்கொண்டு சோறு வடித்தேன்.

பெப். 13, செவ்வாய்

ரயிலில் எனக்குப் பின் இருக்கையில் இரண்டு பெண்கள். ரொம்சோஸ் ஆட்களாக இருக்க வேண்டும், அங்கேதான் இறங்கினார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை லொறிப்படத்துக்குப் போறியளே?"

"அதுக்கு அவ ரெண்டெல்லே போட்டவ. இந்தக் குளிருக்கை ரெண்டைப் பாக்க ஆர் லில்லெஸ்ட்ரோம் போறது?"

சால்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டேன். குளிருக்கென்று யாரும் நினைத்திருப்பார்கள்.

வினோவுக்குச் சப்பாத்து வாங்கியாச்சு. நிறம் பிடிக்கவில்லை. 'பின்லி'யாம், நோர்வே மொழியில் வெட்கக்கேடு. எனக்கும் இன்று அந்தச் சொல் பொருந்தும்.

பெப். 14, புதன்

நாலு மணிக்கு மணி அடித்தது. சவரி அண்ணை, பஸ் உடுப்போடு. ஓட்டத்துக்கு நடுவில் இடைவேளையாம். கோபமாக வந்திருக்கிறார் என்று நினைத்துத் தேத்தண்ணிக்கு அடுப்புப் பக்கம் ஓடினேன். அவர் உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார். சப்பாத்தில் பனி, கம்பளம் நனைந்துவிடுமாம்.

கோபம் இல்லை. ரேடியோவைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு டிக்கெட்டை நீட்டினார். நடு வரிசை, நடு இருக்கை.

"வாரும் தங்கச்சி. கடைசிவரை இருந்து பாரும்."

நான் பார்த்த படம்தானே என்று வாய்வரை வந்தது. எப்படிப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டி வருமே. விழுங்கிவிட்டேன். இந்த வருடம் பனி கூடத்தான் என்றார். ஓம் அண்ணை என்றேன். போய்விட்டார். அடுப்பில் தண்ணீர் வற்றிப்போயிருந்தது.

பெப். 18, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் வேலை. கிழவர்களுக்கு இன்று கிரீம் வைத்த பணிஸ், தவக்காலத்துக்கு முந்திய ஞாயிறு. நானும் ஒன்று தின்றேன். பிறகு ரயில். இவருக்கு வேலை, வினோ வரமாட்டேன் என்றுவிட்டாள். லில்லெஸ்ட்ரோமில் ரயில் நிறையச் சனம் இறங்கியது. ஒருவரும் தியேட்டர்ப் பக்கம் திரும்பவில்லை.

வாசலில் சவரி அண்ணை கோட்டும் டையும். அவருடைய மனைவி மேரி அக்கா மேசையில் பொரித்த பற்றிஸ் அடுக்கி வைத்துக்கொண்டு. அக்கா என்னைக் கண்டு சிரித்தா. அவவுக்கு ஒன்றும் தெரியாது போலிருந்தது.

மண்டபம் பெரிது. இருபது பேர் இருந்தால் அதிகம். பின்னால் மூன்று சென்னைப் பெடியன்கள், ஏதோ கம்ப்யூட்டர் கம்பனியில் வேலையாம். எனக்குப் பின்னாலிருந்து ஒருவன், "என்னங்க, கூட்டமே இல்ல?" என்றான். இங்கே ஒரு அக்கா இரண்டு போட்டுவிட்டா என்று அவனுக்குத் தெரியாது. சொல்லவும் இல்லை.

படம் அதேதான். ஆனால் குறுக்கே தலை இல்லை. இருமல் இல்லை. லொறியின் நிறம் நீலம் என்று இன்றுதான் தெரியும், டிஸ்கில் கறுப்பு. பாலம் வந்தது. லொறி நின்றது. இருட்டு.

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

வேறு ஒருவரும் எழும்பவில்லை. பின்னாலிருந்து அந்தப் பெடியன், "உக்காருங்க ஆன்ட்டி, மறைக்குது," என்றான். திரும்பிப் பார்த்தால் லொறியின் லைட் எரிகிறது. என்ஜின் உறுமுகிறது. படம் ஓடுகிறது.

இன்னும் முக்கால் மணித்தியாலம் ஓடியது.

அண்ணன் வீட்டுக்குப் போகிறான். தம்பி கதவைத் திறந்து நடுங்கிக்கொண்டு நிற்கிறான். அண்ணன் கைகால் கழுவுகிறான். இரண்டு சாப்பாட்டுக் கோப்பை எடுக்கிறான். சோறு போடுகிறான். தம்பியின் கோப்பைக்கு முதலில். காட்டிக்கொடுத்தது தம்பி என்று அண்ணனுக்கு முதல் நாளே தெரியும். பொலிஸ் ஜீப்பில் ஏறும்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறான். தம்பிக்கு வேலை கிடைக்கும்வரை ஊருக்குத் தெரியக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான். ஒரு பெரிய வசனம் இல்லை. "சாப்பிடு" என்ற ஒரு சொல்தான்.

இந்த அண்ணனைத்தான் மூளை இல்லாதவன் என்று மைக்கில் சொல்லிச் சிரிக்க வைத்தேன். முடிவே இல்லாத படம் என்றேன். இப்படி ஒரு முடிவை நான் வேறு படத்தில் பார்த்ததில்லை. அழுதேன். படத்துக்கு எவ்வளவு, எனக்காக எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

முடிந்து லைட் போட்டதும் சவரி அண்ணை முன்வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தார். மேரி அக்கா மிஞ்சின பற்றிசைத் திரும்பப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தா. முக்கால் பெட்டி. நான் பக்கவாசலால் வெளியே வந்துவிட்டேன்.

கோழை.

பெப். 19, திங்கள்

வினோவுக்கு ஒரு கிழமை பனிக்கால விடுமுறை. பத்து மணிவரை நித்திரை.

நேற்றிலிருந்து எனக்கு நானே சொன்ன சாட்டுகள்:
டிஸ்க்கை வெட்டினது நானில்லை.
எல்லோரும்தான் டிஸ்கில் பார்க்கிறார்கள். (இது இவர் சொன்னது.)
இரண்டு போடாவிட்டாலும் குளிருக்கு வந்திருக்கமாட்டார்கள்.
விமர்சனம் என்றால் அவரவர் கருத்து.

நாலாவது எல்லாவற்றிலும் மோசம். பாதிப் படத்தைப் பார்த்தவளுக்குக் கருத்து என்ன கருத்து. ரோல்ஸ் சுற்றிக்கொண்டு.

வினோவிடம் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "அப்ப அந்த அங்கிளுக்குச் சொல்லிட்டியளோ?" என்று மட்டும் கேட்டாள்.

பெப். 20, செவ்வாய்

வேலை முடிய ரொம்சோஸ் போனேன். சவரி அண்ணை தனியாகத்தான், மேரி அக்கா கோயிலுக்கு. டி.வி.யில் பனிச்சறுக்கு, சத்தம் இல்லாமல். பாதையில் ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் கதவடியில் போய்விட்டது. கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்: "அண்ணை, நான் அந்தப் படத்தைக் கள்ள டிஸ்கிலை பாத்திட்டுத்தான் கதைச்சனான். பாதிப்படம்."

"தெரியும்," என்றார்.

எப்படி என்று கேட்டேன்.

"பாலத்திலை விட்டிட்டுப் போட்டினம் எண்டெல்லே ரேடியோவிலை சொன்னனீர். அந்தக் கொப்பிதான் பாலத்திலை முடியுது. லண்டனிலை படம் போடுறவை எனக்கு முதலே சொன்னவை."

"அப்ப ஏன் அண்ணை ஒருத்தருக்கும் சொல்லேல்லை? நீங்கள் ரேடியோவுக்கு ஒரு போன் எடுத்துச் சொல்லியிருந்தா சனம் வந்திருக்குமே."

ரிமோட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"சொன்னா உம்மடை சொல்லை இனி ஆர் நம்புவினம்? நீர் நல்லதெண்டு சொன்ன படத்துக்குச் சனம் வந்தது. அடுத்த படத்துக்கும் நீர்தானே சொல்ல வேணும்."

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டு வந்திருப்பேன். தேத்தண்ணி போட்டுத் தந்தார், சீனி கூட. குடித்தேன்.

வாசலில், "ரேடியோவிலை இதைக் கதையாதேயும்," என்றார்.

பெப். 22, வியாழன்

மேரி அக்கா போன். தியேட்டர்க்காரி முடிவு சொல்லிவிட்டாளாம். மார்ச்சிலிருந்து ஞாயிறுகளில் பிள்ளைகள் படம். ஒஸ்லோவில் வேறு தியேட்டர்? எல்லாம் முதலே கேட்டு அலுத்ததுதானாம். இவருக்கு வேறை என்ன இருக்குது பிள்ளை, சீட்டும் இல்லைக் குடியும் இல்லை, இந்தப் படம்தானே என்றா. சவரி அண்ணை எங்கே என்று கேட்டேன். நேற்றுச் சாம்பல் புதன் பூசைக்குப் போய் வந்ததிலிருந்து கதைக்கிறாரில்லையாம். இன்று பஸ் ஓடப் போய்விட்டார்.

நான் செய்ததை அவவுக்கு அவர் இன்னும் சொல்லவில்லை. அக்காவின் குரலில் தெரிந்தது. நானும் சொல்லவில்லை.

அடுத்த படத்துக்கு என்னுடைய சொல் வேண்டும் என்றார். இனி எந்தப் படத்துக்கு? அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

சனிக்கிழமை ரேடியோவில் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன், வீட்டில் இவர் வேண்டாம் என்கிறார். ரேடியோக்காரர் நிறுத்திப்போடுவினமாம். நிறுத்தட்டும்.

பெப். 24, சனி

மைனஸ் நாலு, மெல்லிய பனி. பேணியும் பகடையும் பையில். வினோ தானும் வருகிறேன் என்றாள், முதல்முறை.

எழுதிக்கொண்டு போகவில்லை. சொன்னேன். லொறிப்படத்தைக் கள்ள டிஸ்கில் பார்த்தேன். வாராவாரம் பார்க்க வேண்டாம் என்று சொல்கிற நானே பார்த்தேன். அது வெட்டுப்பட்ட கொப்பி. பாலத்துக்குப் பிறகுதான் படமே இருக்கிறது. பாதியைப் பார்த்துவிட்டு இரண்டு போட்டேன், உங்களைப் போகவிடாமல் செய்தேன். அந்த அண்ணன் மூளை இல்லாதவன் இல்லை. பெயர் சொல்லாமல், படம் காட்டினவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பேணியைக் குலுக்கவில்லை. பகடையை எடுத்து மேசையில் ஆறு மேலே வர வைத்தேன். சத்தமே வரவில்லை. வானொலிக்கு அது ஒன்றுமில்லாத நேரம். கண்ணாடிக்கு அப்பால் வினோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பிறகு போன் லைன் திறந்தார்கள். திட்டு வரும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். முதல் போன் ரொம்மனிலிருந்து ஒரு பெண். திட்டவில்லை.

"அக்கா, நாங்களும் அந்த டிஸ்கிலைதான் பாத்தனாங்கள். வீட்டிலை எல்லாரும். பாலத்தோடை முடிஞ்சுது எண்டுதான் நினைச்சம்." பின்னால் பிள்ளைகளின் சத்தம், யாரோ ரேடியோவைக் கூட்டி வைத்தார்கள். "இப்ப பெரிய திரையிலை முழுசாப் பாக்க வேணும்போலை கிடக்குது. இனி எப்ப போடுவினம்? எத்தினை டிக்கெட் எண்டாலும் எடுப்பம், எங்கடை கட்டிடத்திலையே இருபது பேர் வருவினம். எங்கை அக்கா போடினம்?"

லில்லெஸ்ட்ரோமில் இனி எங்களுக்கு ஞாயிறு இல்லை என்று அவவுக்குத் தெரியாது. மைக் திறந்தபடி இருந்தது.